கிங்பின் புஷ்ஷுக்கு ரீமர்: பின் இறுகினால் எங்கே பார்ப்பது, ஆடினால் எங்கே பார்ப்பது

பழைய ஃபியட், பிரீமியர் பத்மினி, எம்.ஜி.பி. போன்ற கார்களில் முன்சக்கரம் கிங்பின்னைச் சுற்றித்தான் திரும்புகிறது. அந்தப் பின்னுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என வெண்கல புஷ்கள், அதாவது பின் உள்ளே சுழலும் குழாய் வடிவ உறைகள். புது புஷ்ஷை அழுத்தி ஏற்றிய பிறகு அதன் உள்துளையைப் பின்னின் அளவுக்கு ரீமரால், அதாவது துளையை நுணுக்கமாகப் பெரிதாக்கும் பிளேடுள்ள கருவியால், சீவ வேண்டும். பொறுமையும் ஒரு நல்ல வைஸும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இந்த வேலை கெடும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெடுகிறது. கெட்டுப்போன வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் ரீமர் மொட்டையாக இருந்தது சில இடங்களில்தான்; இரண்டு புஷ்ஷும் ஒரே கோட்டில் சீவப்படவில்லை என்பதே அடிக்கடி தென்படும் காரணம். கீழே எந்த அறிகுறியிலிருந்து நீங்கள் தொடங்கினாலும் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகளையெல்லாம் 20 மி.மீ. பின்னை வைத்துச் சொல்கிறேன். உங்கள் காரின் மேனுவலில் ஓர் இடைவெளி கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். மேனுவல் கிடைக்காதபோது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.025 முதல் 0.05 மி.மீ. வரை, அதாவது லேத்காரர் கணக்கில் ஒன்றிலிருந்து இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பெரும்பாலான கிங்பின்களுக்குப் பொருந்தும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே விட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.ஜி.பி.யில் பின்னின் கீழ்ப்பகுதி தடிமன், மேல்பகுதி மெல்லிசு. இரண்டு அளவு ரீமர் வேண்டும்.

ரீமரைத் தொடுமுன்: ஆட்டம் கிங்பின்னில்தானா?

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதுவும் செய்ய வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள்.

ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். ரீமருக்கு வேலை இல்லை. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பக்கம். அப்போதும் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்து, அசைவு எந்த மூட்டில் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷன் கையான விஷ்போனின் புஷ்ஷும் இதே ஆட்டத்தைக் காட்டும்.

சக்கரத்தின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைவு தெரிந்தால் முதலில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனைகளைப் பாருங்கள்.

ரீமர் விடக்கூடாத புஷ்கள்

கையில் இருப்பது என்ன ரகம் என்று தெரியாமல் ரீமரை எடுக்க வேண்டாம்.

கன்மெட்டல், பாஸ்பர் வெண்கலம்: ரீமர் விடலாம். விட்டே ஆக வேண்டும்.

எண்ணெய் ஊறிய, தூள் உலோகத்தை அழுத்திச் செய்த புஷ்: பார்க்க வெண்கலம் மாதிரியே இருக்கும். சூடு காட்டினால் மேற்பரப்பில் எண்ணெய் கசியும். இதை ரீமரால் சீவினால் எண்ணெய் வரும் நுண்துளைகள் தேய்ந்து மூடிக்கொள்ளும். சரியான அளவு மாண்ட்ரலை (உருளைத் தண்டை) உள்ளே வைத்து அழுத்தி ஏற்றுவதுதான் இதற்கு முறை.

எஃகு முதுகில் டெஃப்ளான் பூசிய மெல்லிய புஷ்: தொடவே கூடாது. வழுக்கும் பூச்சு உள்பரப்பில்தான் இருக்கிறது, அதுவும் மிக மெல்லியதாக.

நைலான் புஷ்: ரீமர் தேவையில்லாமல் பொருந்தும்படிதான் பெரும்பாலும் விற்கிறார்கள். ரப்பர், பாலியூரித்தேன் புஷ்களுக்கும் ரீமருக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே இறுக்கம் வந்தால் உள்குழாயின் நீளத்தையும் போல்ட்டின் அளவையும் பாருங்கள்.

எந்த ரீமர் வாங்குவது

டேப் ஹேண்டில் மாட்ட வால்பகுதி சதுரமாக இருக்கும் கை ரீமர்தான் வேண்டும். லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் போடும் ரீமருக்கு நுனியில் சரிவு மிகக் குறைவு. கையால் விட்டால் அது நேராக நுழையாமல் தள்ளாடும். கை ரீமரின் நுனியில் நீண்ட சரிவு உண்டு. துளைக்குள் அது தன்னையே நேர்ப்படுத்திக்கொள்வது அதனால்தான்.

அடுத்து, நிலையான அளவா, அட்ஜஸ்டபிளா? ஒரே காரை வைத்திருப்பவர், இரு பக்க புஷ்ஷையும் ஒருமுறை மாற்றப்போகிறவர் என்றால் நான் அட்ஜஸ்டபிள் ரீமரைத்தான் சொல்வேன். 20 மி.மீ. பக்கத்தில் ஒரு ரீமரே ஏறத்தாழ 2 மி.மீ. வரை விரியும். முக்கியமாக, பின்னைப் போட்டுப் பார்த்து, சிறிது விரித்து, மறுபடி சீவ முடியும். நிலையான ரீமரில் அந்த வாய்ப்பு இல்லை. 20 மி.மீ. எச்7 (துளையின் அளவு வரம்பைக் குறிக்கும் தரம்) ரீமர் துளையை 20.000 முதல் 20.021 வரை ஏதோ ஓர் அளவில் முடிக்கும். உங்கள் பின் சரியாக 20.00 இருந்தால் இடைவெளி போதாது. பின் 19.97 என்றால் கச்சிதம். ஆகவே நிலையான ரீமர் வாங்குமுன் பின்னை மைக்ரோமீட்டரில் அளந்தே ஆக வேண்டும்.

அட்ஜஸ்டபிள் வாங்கும்போது வழிகாட்டித் தண்டு நீண்டிருப்பதை, கூம்பு வடிவ வளையம் சேர்ந்து வருவதை வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். ஆனால் இந்த வேலையின் உயிரே அந்த வழிகாட்டியில்தான் இருக்கிறது. அது இல்லாத மலிவு செட்டில் ஆறேழு ரீமர் கிடைக்கிறது என்று மகிழ்வதில் பயனில்லை.

புஷ்ஷுக்குள் கிரீஸ் பள்ளம் நேர்நேராக ஓடினால் சுருள் பள்ள ரீமராகப் பாருங்கள், அதுவும் இடப்பக்கச் சுருள். நேர் பிளேடு கிரீஸ் பள்ளத்துக்குள் ஒவ்வொரு சுற்றிலும் விழுந்து எழும். இடச்சுருளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தன்னைத்தானே துளைக்குள் திருகி இழுத்துக்கொள்ளாது.

அறிகுறி: புஷ் ஏறிவிட்டது, பின் நுழையவே இல்லை

வெளியே இருந்தபோது பின் தாராளமாகப் போன புஷ், ஏற்றியதும் மாட்டேன் என்கிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. புஷ்ஷின் வெளிவிட்டம் அது உட்காரும் துளையைவிட 0.03 முதல் 0.08 மி.மீ. வரை பெரிதாக இருக்கும். ஏற்றியதும் உள்துளை கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை எடுக்கத்தான் ரீமர்.

ஆனாலும் சீவத் தொடங்குமுன் வரிசையாகப் பாருங்கள்.

விளிம்பில் பிசிர். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ்ஷில் வாய் மடங்கியிருக்கும். கூரான ஸ்கிரேப்பரால் விளிம்பை மட்டும் சுற்றி எடுங்கள்.

கிரீஸ் துளையில் பிசிர். புஷ்ஷை ஏற்றியபின் கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் துளை வழியாகத் துளையிட்டிருந்தால் உள்ளே ஒரு முள் நிற்கும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். மெல்லிய அரத்தால் எடுங்கள்.

புஷ் சாய்ந்து ஏறியது. வெளி விளிம்பு ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் துருத்திக்கொண்டும் இருந்தால் கழற்றிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். இதை ரீமரால் நேராக்க முடியாது. நீண்ட போல்ட், நட்டு, தடிமனான வாஷர், புஷ்ஷின் அளவுக்கு ஒரு சாக்கெட், இவ்வளவு இருந்தால் இழுத்தே ஏற்றலாம். புஷ்ஷை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்தால் 25 மி.மீ. வெளிவிட்டத்தில் 0.02 மி.மீ. போலச் சுருங்கும். கொஞ்சம்தான், ஆனால் நேராகப் பிடிக்க உதவுகிறது. ஏற்றும்போது கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி என்றால் சீவலாம். ஸ்டப் ஆக்சிலை (சக்கரம் மாட்டும், இந்தப் புஷ்கள் உட்காரும் பாகம்) வைஸில் அலுமினியத் தாடை வைத்து, துளை செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். ரீமரை விரலால் நுழையும் அளவுக்குச் சுருக்கி உள்ளே வையுங்கள். துளையை மெல்லத் தொடும்வரை விரித்து நட்டுகளைப் பூட்டுங்கள். இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து, வலப்பக்கமாக மட்டும், மெதுவாக, நிற்காமல் சுற்றுங்கள். வெண்கலத்துக்கு இரண்டு சொட்டு கட்டிங் ஆயில் போதும். ஒவ்வொரு தடவையும் 0.02 முதல் 0.05 மி.மீ.க்கு மேல் எடுக்க ஆசைப்படாதீர்கள். கடைசித் தடவைகளில் அதையும் பாதியாக்குங்கள். அளவைச் சோதிக்கப் பழைய புஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் நல்லது. முதலில் அதில் எண்ணெயோடு சீவினால் கடைசியிலும் எண்ணெயோடுதான். எண்ணெய் இருப்பதும் இல்லாததும் முடிவு அளவைச் சிறிது மாற்றும்.

துளையை அளக்க வெர்னியரை நம்ப வேண்டாம். உள் தாடையால் 0.02 துல்லியத்தில் துளை அளப்பது கைப்பழக்கம் உள்ளவருக்கே கடினம். டெலஸ்கோப்பிக் கேஜும் மைக்ரோமீட்டரும் இருந்தால் நல்லது. அவற்றைவிட நல்ல கேஜ் உங்கள் புதுப் பின்தான். துளையையும் பின்னையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, கட்டைவிரலால் தள்ளுங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே பிடிப்போடு போக வேண்டும். தட்டினால்தான் போகிறது என்றால் இன்னும் இருக்கிறது. கையை விட்டதும் தடாலென்று விழுந்தால் தாண்டிவிட்டீர்கள்.

அறிகுறி: தனித்தனியாக இரண்டிலும் பின் போகிறது, சேர்த்துப் போட்டால் போகவில்லை

வீட்டு வேலையில் அதிகம் வரும் தொல்லை இதுதான். இங்கே ரொம்பப் பேர் செய்வது, இறுகுகிற புஷ்ஷை மேலும் கொஞ்சம் சீவுவது. பின் போய்விடும். ஆனால் அது புஷ்ஷின் முழு நீளத்தில் உட்காராமல் மேல் புஷ்ஷின் ஒரு விளிம்பிலும் கீழ் புஷ்ஷின் எதிர் விளிம்பிலும் மட்டும் நிற்கும். பாரம் முழுவதும் அந்த இரண்டு கோடுகளில் இறங்கி, கொஞ்ச நாளிலேயே ஆட்டம் திரும்பிவிடும். எனவே இந்தக் கட்டத்தில் ரீமரைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

பின்னின் முனையில் மார்க்கிங் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) மெல்லியதாகத் தடவி, மேல் புஷ் வழியாக இறக்கி, கீழ் புஷ்ஷின் வாயைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள்.

நீலம் வாயில் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி பட்டிருந்தால் இரண்டு துளைகளின் மையமும் விலகியிருக்கிறது.

வாயில் சுற்றிலும் சீராகப் பட்டு, பின் கொஞ்சம் இறங்கியபின் பிடித்தால், கோணம் மாறியிருக்கிறது.

நீலம் பட்ட இடம் கிரீஸ் துளைக்கு நேராக ஒரு புள்ளி என்றால், அதிர்ஷ்டம். பிசிரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இனி, புஷ்ஷில் சீவ இன்னும் உலோகம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாகப் போடும்போது பின் இறுக்கமாகத்தான் போகிறது, முழு இடைவெளி இன்னும் வரவில்லை என்றால் காப்பாற்றலாம். வழிகாட்டித் தண்டுள்ள ரீமரை எடுங்கள். தண்டு ஒரு புஷ்ஷின் வழியாக நீண்டு நிற்க, அந்தப் புஷ்ஷின் வாயில் கூம்பு வளையம் உட்கார்ந்து தண்டை மையத்தில் பிடிக்க, பிளேடு மற்ற புஷ்ஷைச் சீவ வேண்டும். முதல் புஷ் முடிந்ததும், திருப்பி வைத்து, முடித்த புஷ்ஷை வழிகாட்டியாகக் கொண்டு இரண்டாவதைச் சீவுங்கள்.

கூம்பு வளையம் இல்லையா? லேத் பட்டறையில் ஒரு ஸ்லீவ் கடைந்து வாங்குங்கள். உள்துளை ரீமர் தண்டில் ஆடாமல் வழுக்க வேண்டும், வெளிவிட்டம் முடிந்த புஷ்ஷில் ஆடாமல் நிற்க வேண்டும். சின்ன வேலை. பின்னையும் ரீமரையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அளவில் குழப்பம் வராது.

ரீமரை வைஸில் நட்டு நிறுத்தி, ஸ்டப் ஆக்சிலை அதன் மேல் வைத்துச் சுற்றுகிறவர்களும் உண்டு. சின்ன, பாரம் சமமாக உள்ள பாகத்துக்கு இது நல்ல முறை, வெட்டுவது கையில் நன்றாகத் தெரியும். ஸ்டப் ஆக்சிலின் பாரம் ஒரு பக்கம் தொங்கும். அதன் எடையே துளையைச் சாய்த்துவிடும் என்பதால் இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின் தனித்தனியாக ஏற்கெனவே முழு இடைவெளியோடு போகிறது என்றால் உலோகம் தீர்ந்துவிட்டது. புது புஷ் ஜோடி வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள். புது புஷ்ஷிலும் வழிகாட்டியோடு சீவும்போது ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டி மறுபக்கம் தொடாமலே போனால், கோளாறு புஷ்ஷில் இல்லை, புஷ் உட்காரும் துளையிலேயே. அதோடு வீட்டு வேலை முடிந்தது. அந்தத் துளைகளை நேர்கோட்டில் போர் செய்து, பெரிய வெளிவிட்டத்தில் புஷ் கடைந்து போட மெஷின் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பழைய மினி வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி. அதன் பின்சக்கர ரேடியஸ் ஆர்மில் ஒரு முனையில் ஊசி பேரிங், மறுமுனையில் வெண்கல புஷ், நடுவே 13/16 அங்குல, அதாவது 20.64 மி.மீ. ஷாஃப்ட். ஊசி பேரிங் பக்கத்திலிருந்து வழிகாட்டி வைத்துத்தான் புஷ்ஷைச் சீவ வேண்டும். வெளியிலிருந்து புஷ்ஷை மட்டும் பார்த்துச் சீவினால் ஷாஃப்ட் பேரிங்கின் ஓரத்தைத் தின்றுவிடும்.

அறிகுறி: ரீமர் அதிர்கிறது, துளைக்குள் பட்டை பட்டையாகத் தழும்பு

டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பரப்பு வழவழப்பாக இல்லாமல் நெடுக வரி வரியாகத் தெரியும். சுற்றும்போதே கையில் துடிப்பு வரும்.

ஒரே தடவையில் அதிகம் எடுக்கிறீர்களா? பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

பாகம் வைஸில் ஆடுகிறதா? மறுபடி பிடியுங்கள். டேப் ஹேண்டிலுக்குப் பதில் ஒற்றைப் பக்க ஸ்பானரால் திருப்புகிறீர்களா? உடனே நிறுத்துங்கள், ரீமரைச் சாய்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

பிளேடுகள் அவற்றின் பள்ளத்தில் ஆடுகின்றனவா? நட்டுகளைக் கழற்றி, பள்ளத்தில் ஒட்டிய சீவலைத் துடைத்து, எல்லா பிளேடும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மறுபடி பூட்டுங்கள். ஒன்று மட்டும் துருத்தினாலும் அதிரும்.

நேர் பிளேடு கிரீஸ் பள்ளத்தில் விழுந்தால் சுருள் ரீமருக்கு மாறுவது தவிர வழியில்லை. பிளேடு மொட்டை என்றால் புது பிளேடு செட். கல்லில் தீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; ஆறு பிளேடையும் ஒரே உயரத்தில் கையால் தீட்ட முடியாது.

தழும்புள்ள துளையில் ஓர் ஏமாற்று இருக்கிறது. அதிர்ந்து வெட்டிய துளை மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை முகங்களோடு அமைந்துவிடும். அதை எதிரெதிர் இரண்டு புள்ளியில் அளந்தால் எந்தப் பக்கமும் ஒரே அளவுதான் காட்டும், வட்டம் என்றே தோன்றும். பின்னில் புளூ தடவிப் போட்டால்தான் உண்மை தெரியும்: நீலம் முழுக்கப் படாமல் கோடு கோடாகப் படும். அளவு இன்னும் மீதி இருந்தால் 0.01, 0.02 என்று சுருள் ரீமரால் மெல்ல எடுத்து வட்டமாக்கலாம். மீதி இல்லையென்றால் ரீபோரிங் பட்டறையின் ஹோனிங் மெஷின் (கல்லால் தேய்த்துத் துளையை முடிக்கும் மெஷின்), அல்லது புது புஷ்.

அறிகுறி: ரீமர் பாதியில் சிக்கிவிட்டது

பின்னோக்கிச் சுற்றாதீர்கள். வெட்டிய சீவல் பிளேடின் முதுகுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே புகுந்து சுவரைக் கீறும், பிளேடின் விளிம்பையும் உடைக்கும். அதே வலப்பக்கச் சுழற்சியைத் தொடர்ந்தபடியே மேல்நோக்கி மெல்ல இழுங்கள். வரவில்லை என்றால் கட்டிங் ஆயில் விட்டு, அட்ஜஸ்டபிளாக இருந்தால் எட்டுகிற நட்டைத் தளர்த்தி பிளேடுகளைச் சுருக்குங்கள். நிலையான ரீமர் என்றால் அதே திசையில் சுற்றியபடி கீழ்ப்பக்கமாக வெளியே கொண்டுவருவது நல்லது. வந்ததும் சீவலைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், வாயால் ஊத வேண்டாம். பிறகு சுருக்கி, சின்ன அளவிலிருந்து மறுபடி வாருங்கள்.

அறிகுறி: துளை பெரிதாகிவிட்டது

வாய் மட்டும் அகன்றதா, முழு நீளமுமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பின்னைச் சிறிது நுழைத்து ஆட்டுங்கள். வாயில் ஆட்டம், உள்ளே போனால் பிடிப்பு என்றால் ஹேண்டில் சாய்ந்திருக்கிறது. வெளி விளிம்பில் ஓரிரு மி.மீ. மட்டும் அகன்று, மீதி நீளம் முழுக்க நீலம் பட்டால் விட்டுவிடலாம், அது ஓடும்.

முழு நீளத்திலும் இடைவெளி மேனுவலின் உச்ச அளவைத் தாண்டிவிட்டால் புஷ்ஷை மாற்றுங்கள். ரீமர் எடுக்கும், சேர்க்காது. புஷ்ஷின் வெளியே சென்டர் பஞ்சால் புள்ளி வைத்து உள்ளே தள்ளுவது, தகரத் துண்டு சுற்றுவது, பின்னுக்கு முலாம் போடுவது என்று பல யோசனை சொல்வார்கள். ஸ்டீயரிங்கைத் தாங்குகிற பாகத்தில் இவை எதையும் செய்யாதீர்கள். பின்னுக்கு ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்ட் செய்வது முறையான வேலைதான், ஆனால் அதற்கு ஆகிற செலவில் புது புஷ்கள் வாங்கிவிடலாம்.

புஷ் அதன் இருக்கையிலேயே சுழல்கிறது என்றால் வெளித்துளை ஓவலாகித் தேய்ந்திருக்கிறது. பட்டறை வேலை.

அறிகுறி: எல்லாம் மாட்டியபின் ஸ்டீயரிங் இறுக்கம், திருப்பினால் தானே நடுவுக்குத் திரும்பவில்லை

திருப்பத்திலிருந்து சக்கரம் தானாக நேருக்கு வராத காரைச் சாலையில் ஓட்டக்கூடாது. இது கண்டிப்பு.

டயர் காற்றைப் பாருங்கள். அது சரி என்றால், முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் திருப்புங்கள்.

லேசாகத் திரும்பினால் புஷ் வேலை சரி. இறுக்கம் ஸ்டீயரிங் பாக்ஸிலோ மற்ற மூட்டுகளிலோ இருக்கிறது.

எல்லாக் கோணத்திலும் ஒரே இறுக்கம் என்றால் முதலில் கிரீஸ். அப்புறம் மேல்கீழ் இடைவெளிக்கான ஷிம் வாஷர்: தடிமன் கூடிப்போயிருக்கலாம், ஒன்றைக் குறைத்து ஃபீலர் கேஜில் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புஷ் இடைவெளி குறைவு, கழற்றி 0.01 எடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பிடித்தால் பின் வளைந்திருக்கலாம், துளை ஓவலாக இருக்கலாம். பின்னைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள்.

தூக்கியபோது லேசாக இருந்து, இறக்கியதும் இறுகினால் பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங்கைப் பாருங்கள். தலைகீழாக மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: கிரீஸ் ஏறவில்லை

நிப்பிளை மாற்றுங்கள், மலிவானது. ஏறவில்லையா? நிப்பிளைக் கழற்றி மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். கம்பி பின்னைத் தொட வேண்டும். நடுவில் வெண்கலத்தில் முட்டினால் புஷ்ஷின் துளை விலகி உட்கார்ந்திருக்கிறது. பின்னை எடுத்துவிட்டு நிப்பிள் இருந்த துளை வழியாகத் துளையிட்டு, பிசிர் எடுத்து, சீவலைக் கழுவுங்கள். கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் இறங்கிய நிலையில் திரஸ்ட் முகத்துக்குள் கிரீஸ் போகாது.

அறிகுறி: சில மாதங்களிலேயே ஆட்டம் திரும்பிவிட்டது

புஷ்ஷைக் கழற்றித் தேய்மானத்தைப் படியுங்கள். மேல் புஷ்ஷில் ஒரு பக்க விளிம்பும் கீழ் புஷ்ஷில் எதிர்ப்பக்க விளிம்பும் பளபளத்தால், நேர்கோடு தவறியது. முழுக்கச் சீராகத் தேய்ந்திருந்தால் கிரீஸும் தூசு சீலும். பின்னில் படி விழுந்திருந்தால், பழைய பின்னையே போட்டிருக்கிறார்கள்.

பின் முழுவதும் சாம்பல் நிறத்தில் கீறல்களோடு இருந்தால் சந்தேகப்பட வேண்டியது எமரி. ரீமருக்குப் பதில் எமரி தாளைச் சுற்றியோ கிரைண்டிங் பேஸ்ட் போட்டோ துளையைப் பெரிதாக்கினால், அந்தத் துகள் மென்மையான வெண்கலத்தில் புதைந்து நிற்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. கடினமான பின்னை அது நாள்தோறும் அரைக்கும். கடைசி 0.01 மி.மீ.க்குக்கூட எமரி வேண்டாம்.

பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம்

ஸ்டப் ஆக்சிலில் விரிசல், புஷ் உட்காரும் துளை ஓவல், பின்னைப் பூட்டும் இடத்தில் தேய்மானம், இரண்டாவது ஜோடி புஷ்ஷும் நேர்கோட்டில் வரவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் தொடராதீர்கள். விரிசல் என்றால் பாகத்தையே மாற்ற வேண்டும், வெல்டிங் வைப்பதற்கில்லை.

பல ஊர்களிலும் இந்த வேலைக்குச் சரியான இடம் இன்ஜின் ரீபோரிங் பட்டறை. கனெக்டிங் ராடின் சின்ன முனை புஷ்ஷைப் பிஸ்டன் பின்னுக்கு ஏற்ப ஹோன் செய்கிறவர்கள் கிங்பின் புஷ்ஷையும் அதே மெஷினில் செய்துவிடுவார்கள். இரண்டு புஷ்ஷையும் ஒரே நீண்ட மாண்ட்ரலில் சேர்த்து ஹோன் செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். தனித்தனியாகத்தான் முடியும் என்றால் வேறு பட்டறை பாருங்கள். ஸ்டப் ஆக்சில் இரண்டு, பின் இரண்டு, திரஸ்ட் வாஷர், ஷிம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அளவைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட, "இந்தப் பின்னுக்கு ஏற்ப" என்று பின்னையே கொடுப்பது நல்லது. வாங்கும்போது அங்கேயே எண்ணெய் தடவிப் பின்னை இரண்டு புஷ் வழியாகவும் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கத்து புஷ் எந்தப் பின்னுக்கு ஏற்ப ஹோன் செய்யப்பட்டதோ அந்தப் பின்னில் இடது, வலது என்று கம்பியில் சீட்டுக் கட்டிக்கொண்டு வாருங்கள். மாட்டி முடித்ததும், ஓட்டத் தொடங்குமுன் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.